பெயர் கடைசியில் வரட்டும்

பாப்பா,

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய கல் படங்களைப் பார்த்தேன். "தாத்தா, இது பவளமா?" என்று கேட்டு மூன்று கேள்விக்குறி போட்டிருக்கிறாய். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் போட்டிருந்தால் உனக்கு அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். வேண்டுமென்றேதான் போடவில்லை. கல்லின் ஒரு முகத்தை மட்டும் எடுத்திருக்கிறாய். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு பேனா மூடிகூட வைக்கவில்லை. எந்த ஓடையில், எந்த ஊர்ப் பக்கம் பொறுக்கினாய் என்றும் எழுதவில்லை. முன்பின் தெரியாத ஒருவரின் பாதி முகத்தைக் காட்டி "இவர் நல்லவரா?" என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்?

நிலவியல் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது உன் அப்பாவுக்கு அவ்வளவாக விருப்பமில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். நான் படித்தது கம்மி. சுண்ணாம்புக்கல் மைன்ஸில் சாம்பிள் எடுத்தே காலத்தை ஓட்டியவன். என் கணக்கெல்லாம் இந்தக் கல்லில் சுண்ணாம்பு எத்தனை சதவீதம், மெக்னீசியம் எத்தனை, கிரஷருக்கு அனுப்பலாமா கூடாதா என்பதுதான். ஆனால் அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை தெரிந்துகொண்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கல்லங்குறிச்சிப் பக்கம் சுரங்கச் சுவரில் கைவைத்துப் பார். அது முழுக்கச் சிப்பி. கடலுக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வாழ்ந்து செத்த சிப்பிகளைத்தான் உடைத்து, சுட்டு, மூட்டையில் அடைத்து விற்கிறோம். நம் வீட்டு மாடிப்படியும் அதுதான்.

நீ வகுப்பில் படித்திருப்பாய், இருந்தாலும் சொல்கிறேன். உட்டத்தூர், காரை, கருடமங்கலம், அரியலூர், நின்னியூர் என்று திருச்சிக்கு வடகிழக்கே நீளும் இந்த நிலம், ஏறத்தாழ 11 கோடி ஆண்டுக்கு முன்னாலிருந்து கடல் ஏறி இறங்கி, ஏறி இறங்கி விட்டுப்போன படுகை. இந்தியா அப்போது தெற்கே, மடகாஸ்கரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. 1840-ஐ ஒட்டி கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் சேர்த்த சிப்பிகளும் நத்தைகளும் லண்டனுக்குப் போயின. இந்தப் பக்கம் கால்வைக்காத எட்வர்ட் ஃபோர்ப்ஸ், அவற்றை மேசையில் பரப்பிப் பார்த்து, இவை கிரெட்டேசியக் காலத்தவை என்று 1846-இல் எழுதினார். பிறகு ஹென்றி பிளான்ஃபோர்டு நிலத்தில் இறங்கி வரைபடம் போட்டார். அவருடைய அறிக்கை 1862-இல் வந்தபோது அவருக்கு வயது இருபத்தெட்டு. இன்றைக்கும் உட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று அடுக்குகளைப் பிரிப்பதற்கு அடித்தளம் அவர் போட்டதுதான்.

கல்லக்குடியையும் சேர்த்துக்கொள். 1953-இல் டால்மியாபுரம் என்ற பெயரை எடுத்துவிட்டு ஊரின் சொந்தப் பெயரை வைக்கச் சொல்லிக் கலைஞர் தண்டவாளத்தில் படுத்த ஊர் என்று தமிழ்நாட்டுக்கே தெரியும். அந்த ஊர்ச் சுண்ணாம்புக்கல்லில் பவளமும் சிவப்புப் பாசியும் சேர்ந்து கட்டிய திட்டுகள் இருப்பது பலருக்குத் தெரியாது. வேடிக்கை என்னவென்றால், ஊருக்குப் பழைய பெயர் திரும்பி வந்தாலும், அந்தக் கல்லடுக்குக்கு நிலவியல் புத்தகங்களில் இன்னமும் டால்மியாபுரம் என்றுதான் பெயர்.

உன் படங்களுக்கு வருகிறேன்.

முதல் கல்லில் வட்ட வட்டமாக இருக்கிறது, அதனால் பவளம் என்று நினைத்திருக்கிறாய். வட்டம் மட்டும் போதாது. பவளப் பூச்சி ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கிண்ணம் கட்டிக்கொள்ளும். கிண்ணத்துக்குச் சுவர் உண்டு. சுவரிலிருந்து நடுவை நோக்கி மெல்லிய தகடுகள் வரும், மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி. அந்தத் தகடுகளைப் பார்க்காமல் பவளம் என்ற சொல்லை வாயில் எடுக்காதே. தகடு தெரிந்தால் எண்ணு. நம் பக்கத்துப் பவளங்களில் அவை ஆறின் மடங்காக வளரும்: முதலில் ஆறு, அவற்றின் இடைவெளியில் இன்னொரு ஆறு, பிறகு பன்னிரண்டு. இன்றைக்கு மண்டபம் கடலில் உயிரோடிருக்கிற கல்பவளங்களும் இதே குலம்தான். புத்தகத்திலும் இணையத்திலும் அழகழகாய் வருகிற படங்களில் பாதி வேறு குலத்தைச் சேர்ந்தவை. ருகோசா என்றும் டாபுலேட்டா என்றும் சொல்லுவார்கள். ருகோசாவில் தகடுகள் நான்கு இடங்களில் புதிதாகச் சேரும். டாபுலேட்டாவில் தகடு இருப்பதே தெரியாது, குறுக்கே படிப்படியாகத் தளம் போட்டிருக்கும். அந்த இரண்டு குலமும் 25 கோடி ஆண்டுக்கு முன்னால், பெர்மியன் காலம் முடியும்போது பூண்டோடு அழிந்துவிட்டன. அரியலூர்க் கடல் அதற்குப் பிறகு பதினான்கு கோடி ஆண்டு கழித்து வந்தது. ஆகவே காரை ஓடையில் ருகோசா கிடைத்தது என்று யாராவது சொன்னால், கல்லைப் பார்க்கும் முன்பே சந்தேகப்படலாம். காலமும் இடமும் தெரிந்தால் பாதி பெயர்கள் தாமாகவே கழன்றுவிடும்.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், அலுத்துக்கொள்ளாதே. கையில் கல் கிடைத்தவுடன் "இது என்ன?" என்று கேட்பது மனித சுபாவம். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு "இது வேறு என்னவாக இருக்கலாம்?" என்று கேட்டுப் பழகு. பவளம் என்று தோன்றினால், பவளம் இல்லை என்று காட்டக்கூடிய அடையாளத்தைத் தேடு. தேடியும் கிடைக்கவில்லை என்றால் அப்புறம் பெயரைச் சொல்.

உன் இரண்டாவது படம் அதற்கு நல்ல உதாரணம். விரல் தடிமன் வட்டம், நடுப்புள்ளியிலிருந்து ஓரம்வரை கோடுகள். பார்த்தால் பவளத் தகடு மாதிரியே தெரியும். ஆனால் கோடுகளுக்கிடையே இடைவெளி உண்டா? பவளத்தில் தகடுக்கும் தகடுக்கும் நடுவே வெற்றிடம் இருந்தது. அதில் சேறோ படிகமோ புகுந்து வேறு நிறமாக நிற்கும். உன் கல்லில் அப்படி இல்லை. முழுவதும் ஒரே கால்சைட்டு, நார் நாராக நெருக்கிக்கொண்டு நிற்கிறது. சுவரும் கிடையாது. அதைத் திருப்பி நீளவாக்கில் பார்த்திருந்தால் ஒரு முனை கூராகத் தெரிந்திருக்கும். அது பெலம்னைட்டு, கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம், அந்தப் பிராணியின் உடம்புக்குள் இருந்த கெட்டியான உள்கூடு இது. காரையில் மழைக்குப் பிறகு நடந்தால் காலில் மிதிபடும், அவ்வளவு கிடக்கும். நீ ஒரு முகம் மட்டும் பார்த்ததால் வந்த குழப்பம் இது. குறுக்கே வெட்டினால் வட்டமாய்த் தெரிகிற பவளமும் நீளவாக்கில் வெட்டினால் அடுக்கிவைத்த குழாயாகத் தெரியும். ஒரே பொருள்தான், வெட்டிய திசைதான் வேறு.

மனிதர்கள் விஷயத்திலும் இதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் மைன்ஸில் ஒரு பையன் புதிதாகச் சேர்ந்தான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். திமிர் பிடித்தவன் என்று ஒரு வாரத்துக்குள் பெயர் வைத்துவிட்டார்கள். சம்பள நாளில்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வயதான டிரில்லர் ஒருவர் மட்டும், அவன் வலது பக்கமாகப் போய் நின்று பேசிப் பார்த்தார். உடனே பதில் வந்தது. அவனுக்கு இடது காது கேட்காது, அவ்வளவுதான். காது விஷயம் தெரிந்த பிறகும் வைத்த பெயரை எடுக்க எத்தனை மாதம் ஆயிற்று தெரியுமா? பெயர் வைப்பது சுலபம், கழற்றுவதுதான் பாடு.

மூன்றாவது படத்தில் தேன்கூட்டுக் கட்டம் போலக் கோடு. அது உயிரே இல்லை என்று நினைக்கிறேன். களிமண் உருண்டை இறுகிக் காயும்போது உள்ளே வெடிப்பு விழும். அந்த வெடிப்பில் கால்சைட்டு நிரம்பி வலைபோல் நிற்கும். வெடிப்பு நடுவில் அகலமாகவும் ஓரத்துக்குப் போகப்போக ஒடுங்கியும் இருக்கிறதா என்று பார். கட்டம் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவாக இருக்கிறதா, உள்ளே தகடே இல்லையா என்றும் பார். இத்தனையும் ஆமாம் என்றால், அது செப்டேரியன் கட்டி. அழகுதான், தூக்கிப் போட வேண்டாம். ஆனால் பவளப் பெட்டியில் வைக்காதே. கல்லின் பிளவில் கறுப்பாகச் செடி வரைந்தது மாதிரி ஒன்று வரும், அதையும் பெரணி என்று சொல்லிக்கொண்டு நிறையப் பேர் வருவார்கள். அது மாங்கனீசு கசிந்து வரைந்த கோலம்.

இன்னும் ஏமாற்றுகிறவை உண்டு. ஊசியால் குத்தியதுபோல நெருக்கமாய்ப் பொடித் துளைகள், உள்ளே தகடு எதுவும் இல்லை என்றால் பிரையோசோவா, கல்லங்குறிச்சியில் ஏராளம். முண்டும் முடிச்சுமாய் வெள்ளையாக, வெட்டினால் மெல்லிய அடுக்கடுக்காக இருந்தால் சிவப்புப் பாசி. அதுவும் கல்லாக வளரும் பாசிதான், பவளத்தோடு கூடவே இருக்கும். ஐந்து இதழ்க் கோலம் மேலே தெரிந்தால் கடல் முள்ளெலி. உடைந்த இடம் கண்ணாடிபோல் தட்டையாகப் பளபளக்கும், ஏனென்றால் அதன் ஓட்டுத் தகடு ஒவ்வொன்றும் ஒரே படிகம். எல்லாவற்றையும்விடச் சாமர்த்தியமாக ஏமாற்றுவது துளைபோட்ட மரம். கடலில் மிதந்த மரக்கட்டையைக் கப்பல் புழுக்கள் குடைந்து, அந்தக் குழாய்களில் சேறு நிறைந்து கல்லாகிவிட்டால், பார்ப்பதற்குப் பவளக் குழாய் மாதிரியே இருக்கும். குழாய்கள் ஒழுங்கில்லாமல் ஒன்றையொன்று சுற்றி வளைந்து போகும். நடுவில் மர ரேகை ஓடும். பவளக் குழாய் அப்படி அலையாது, ஒரே பக்கம் வளரும்.

மரம் என்றதும் சாத்தனூர் ஞாபகம் வருகிறது. அங்கே ஓடைக்கரையில் கிடக்கிற கல்மரம் 18 மீட்டர் நீளம். எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதைப் பற்றி எழுதினார். கடல் படுகைக்குள் மரம் எப்படி வந்தது? கரையில் நின்ற மரம், வெள்ளத்தில் அடித்து வந்து, கடலில் மூழ்கி, மணலில் புதைந்து சிலிக்காவாக மாறியது. ஆகவே ஒரு பொருள் கிடைத்த இடமும் அது வாழ்ந்த இடமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. பவளத்துக்கும் இதே கேள்வியைப் போடு. நின்ற இடத்திலேயே நிற்கிறதா, கிண்ணத்தின் வாய் மேலே பார்க்கிறதா? கவிழ்ந்து, உருண்டு, ஓரம் மழுங்கிக் கிடக்கிறதா? உருண்டு வந்ததென்றால், அது பழைய பாறையிலிருந்து பெயர்ந்து புதிய பாறைக்குள் வந்து குடியேறியதாகக்கூட இருக்கலாம். அப்படிப்பட்டதை வைத்து அடுக்குக்கு வயது சொன்னால் மாட்டிக்கொள்வாய். இன்னொன்று: பவளம் என்றாலே பவளப்பாறை, வெதுவெதுப்பான தெளிந்த ஆழமில்லாத கடல் என்று எழுதிவிடாதே. கூட்டமாகத் திட்டுக் கட்டுகிற பவளத்துக்கு அது பெரும்பாலும் சரி. பொத்தான் அளவில் தனியாக வாழ்கிற பவளங்கள் குளிர்ந்த ஆழத்திலும் உண்டு.

கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். பத்து மடங்கு காட்டும் கைலென்ஸ் ஒன்று. லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு கல்லை அதனிடம் கொண்டு வா. நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒரு பாட்டில் தண்ணீர். கல்லை நனைத்தால் மங்கிய கோடுகள் எழுந்து வரும். ஈரம் காய்வதற்குள் படம் எடு. ஒரு பேனாக்கத்தி: கால்சைட்டு கீறும், சிலிக்கா கீறாது. சொட்டு மருந்துப் புட்டியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், உன் கல்லூரி ஆய்வகத்தில் கேட்டு வாங்கு: சுண்ணாம்பென்றால் பொங்கும், கல்மரத்தில் போட்டால் பேசாமல் கிடக்கும். அமிலத்தை நல்ல முகத்தில் விடாதே, ஓரத்தில் ஒரு சொட்டு போதும். சுத்தியல் கடைசி. இளவயதுக்காரர்களுக்குச் சுத்தியல்மேல் ஒரு மோகம். புதிதாய் உடைத்த முகத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. மழையும் வெயிலும் பல வருடம் தின்ற முகத்தில்தான் சுற்றியிருந்த சேறு கரைந்து பவளத் தகடு எழும்பி நிற்கும். காலம் பொறுமையாகச் செய்து வைத்த வேலையை ஒரே அடியில் கெடுக்காதே.

இனி, கிடைக்காததைப் பற்றி ஒன்று. நம் பக்கத்தில் சிப்பி இவ்வளவு கிடைக்கிறது, பவளம் ஏன் தெளிவாகக் கிடைப்பதில்லை என்று நீயே கேட்பாய். கல்பவளத்தின் கூடு அரகொனைட்டு. அதுவும் சுண்ணாம்புதான், ஆனால் நிலைக்காது. தண்ணீர் ஊறினால் கரையும், இல்லையென்றால் கால்சைட்டாக உருமாறும். மாறும்போது மெல்லிய தகடுகள் அழிந்து வெறும் வெள்ளைக் கட்டியாகிவிடும். கிரைஃபியா, இனோசெராமஸ் போன்ற சிப்பிகளின் ஓட்டில் முழுதாகவோ பாதியாகவோ உறுதியான கால்சைட்டு உண்டு. பெலம்னைட்டும் அப்படியே. அதனால் அவை நிற்கின்றன. ஓட்டின் தன்மையால் மிஞ்சியதை வைத்துக் கடலில் எது அதிகம் இருந்தது என்று கணக்குப் போடக் கூடாது. இதைச் சொல்லும்போதெல்லாம் எங்கள் சுரங்கத்தில் கையால் கல் பொறுக்கித் தட்டில் சுமந்த பெண்களை நினைத்துக்கொள்வேன். இயந்திரம் வருவதற்கு முன்னால் அவர்கள் இல்லாமல் ஒரு லோடு நகராது. பழைய பதிவேட்டில் இன்ஜினியர் பெயர் இருக்கிறது, கான்ட்ராக்டர் பெயர் இருக்கிறது. அவர்களைப் பற்றி இருப்பதெல்லாம் 'கூலி' என்ற தலைப்பில் ஒரு தொகை. உன் அம்மாயியின் அம்மா அவர்களில் ஒருவர்.

ஆசை கண்ணை மறைக்கும் என்பதற்கு நீ பள்ளியில் படிக்கும்போது நடந்ததே சாட்சி. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கத்தில் குளம் வெட்டும்போது உருண்டை உருண்டையாகக் கற்கள் வந்தன. டைனோசர் முட்டை என்று ஒரே நாளில் ஊரெல்லாம் பரவிவிட்டது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பார்க்கப் போனார்கள். நிலவியலாளர்கள் வந்து பார்த்துவிட்டு, முட்டை இல்லை, அம்மோனைட்டைச் சுற்றி உருவான கட்டிகள் என்றார்கள். செத்த உயிர் சேற்றில் அழுகும்போது அதைச் சுற்றிய மண்ணின் ரசாயனம் மாறும். அங்கே சுண்ணாம்பு படிந்து படிந்து உருண்டையாக இறுகும். உடைத்தால் நடுவே நத்தை போன்ற சுருள் கிடைக்கலாம். முட்டை என்றால் மெல்லிய ஓடு தனியாகத் தெரிய வேண்டும், ஓட்டில் நுண்துளை இருக்க வேண்டும், அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதைவிடச் சுலபம்: இது கடலடிச் சேறு, இதில் எந்தப் பிராணி கூடு கட்டி முட்டையிடும்?

ஆனால் அந்த ஜனங்களைப் பார்த்துச் சிரித்தவர்களை எனக்குப் பிடிக்கவில்லை. தினமும் அதே குளத்தைக் கடந்து போனவர்கள், முதன்முறையாக நின்று குனிந்து பார்த்தார்கள். "முட்டை இல்லை" என்று சொல்வது உன் வேலையின் பாதிதான். அது என்னவென்று அவர்கள் கையில் கொடுத்துக் காட்டுவது மீதிப் பாதி. நத்தையா என்று அவர்கள் முகம் சுருங்கும் முன்பே, உள்ளறைச் சுவர் ஓட்டைத் தொடும் கோடு பூவேலை மாதிரி நெளிந்து ஓடுவதைக் காட்டு, அது அம்மோனைட்டு. கோடு எளிய வளைவாக இருந்தால் நாட்டிலஸ். நாட்டிலஸ் இன்றும் கடலில் இருக்கிறது, அம்மோனைட்டு 6.6 கோடி ஆண்டுக்கு முன்னால் டைனோசர்களோடு போய்விட்டது. ஒரு கோட்டை வைத்துப் பிழைத்ததையும் அழிந்ததையும் பிரிக்கலாம் என்று சொல்லிப் பார், முட்டையை மறந்துவிடுவார்கள்.

டைனோசரே நம் பக்கம் இல்லையா என்றால், இருந்தது. அரியலூர் மாவட்டம் கல்லமேடு பக்கத்தில் கிடைத்த பெரும் எலும்புகளுக்கு 1987-இல் யாதகிரியும் அய்யாசாமியும் புருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். கால் எலும்பு ஒன்று மட்டுமே இரண்டு மீட்டர் என்றார்கள். முதலில் அதை ஊனுண்ணி வகையில் வைத்தார்கள். பிறகு தாவரம் தின்ற நீள்கழுத்து வகை என்று மாற்றினார்கள். அது எலும்பா, கல்மரமா என்றுகூட வெளியில் சிலர் சந்தேகம் கிளப்பினார்கள். திரும்ப எடுத்துப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம்தானே? முடியாது. நம் மழையிலும் ஈரத்திலும் அந்த எலும்புகள் பொடிந்து போய்விட்டன. உலகத்திலேயே மிகப்பெரிய உயிர்களில் ஒன்றாக இருந்திருக்கலாம். இன்று மிஞ்சியது வரைபடமும் புகைப்படமும் விவாதமும்தான். இதை நினைத்தால் எனக்கு இன்னமும் மனசு ஆறாது. பெயர் பத்திரமாக இருக்கிறது, பொருள் போய்விட்டது.

அதற்கு நேர்மாறாக ஸ்டோலிச்காவைப் பார். செக் நாட்டு மொராவியாவில் பிறந்தவர், 1862-இல் கல்கத்தா நிலவியல் துறைக்கு வந்தார். நம் சிப்பி, நத்தை, அம்மோனைட்டு, முள்ளெலி, பவளம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வரைந்து, விவரித்து 1873 வரை தொகுதி தொகுதியாக வெளியிட்டார். அடுத்த ஆண்டு யார்க்கந்துப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், லடாக்கில் உயிர் பிரிந்தது. வயது முப்பத்தாறு. அதற்குப் பிறகு இருபது வருடம் கழித்து ஃபிரான்ஸ் காஸ்மாட் என்ற ஆஸ்திரியர் அதே அம்மோனைட்டுகளை மறுபடி ஆராய்ந்து, ஸ்டோலிச்கா வைத்த பல பெயர்களை மாற்றி எழுதினார். காஸ்மாட் வைத்த பெயர்களையும் பின்னால் வந்தவர்கள் மாற்றினார்கள். இதில் யாருக்கும் அவமானம் இல்லை. ஸ்டோலிச்கா கற்களைக் காப்பாற்றி, எந்த ஊர்ப் பக்கம் கிடைத்தது என்று எழுதி வைத்துவிட்டுப் போனதால்தான் காஸ்மாட்டால் திருத்த முடிந்தது. பின்னர் வந்தவர்கள் இரண்டு பேர் பெயரையும் அம்மோனைட்டுகளுக்கே சூட்டினார்கள்: ஸ்டோலிச்காயா, காஸ்மாட்டிசெராஸ்.

ஆகையால் நீ ஒரு கல் எடுத்தால், அட்டையில் முதல் வரி ஊர். இரண்டாவது வரி எந்த ஓடை, கரையில் எந்த உயரத்தில், பாறையில் பதிந்து இருந்ததா உதிர்ந்து கிடந்ததா. மூன்றாவது தேதி. பெயருக்கு ஒரு வரி காலியாக விடு. எழுதினால் பென்சிலில் எழுது. ஊர் எழுதாத அழகான பவளம் அலமாரிப் பொம்மை. ஊர் எழுதிய உடைந்த துண்டுக்கு நூறு வருடம் கழித்தும் ஒருவர் வந்து கேள்வி கேட்பார்.

அப்படி ஒரு துண்டு என்ன சொல்லும் என்பதற்கு ஒன்று சொல்லவா? ஜான் வெல்ஸ் என்ற அமெரிக்கர் 1963-இல் டெவோனியன் காலத்துப் பவளங்களின் வெளிச்சுவரில் இருந்த நுண்ணிய வரிகளை எண்ணினார். பவளம் நாளுக்கொரு வரி போடும். வருடத்துக்கொரு பெரிய வளையம் விழும். ஒரு வளையத்துக்குள் சுமார் 400 வரி இருந்தது. அதாவது அந்தக் காலத்தில் ஒரு வருடத்துக்கு 400 நாள், ஒரு நாளுக்கு ஏறக்குறைய 22 மணி நேரம். நிலாவின் ஈர்ப்பால் கடல் ஏறி இறங்குவது பூமியின் சுழற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பிடிக்கிறது என்று வானியலாளர்கள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். பவளம் அதற்கு ரசீது காட்டியது. 2020-இல் ஓமன் நாட்டில் கிடைத்த 7 கோடி ஆண்டுப் பழைய சிப்பி ஒன்றில் இதேபோல எண்ணியபோது வருடத்துக்கு 372 நாள் வந்தது. நம் கல்லங்குறிச்சிச் சிப்பிகளும் ஏறக்குறைய அந்தக் காலத்தவைதான். இதற்காக இவர்கள் யாரும் புதிய இனம் கண்டுபிடிக்கவில்லை, பெயர் வைக்கவில்லை. உட்கார்ந்து எண்ணினார்கள்.

கல்லில் இருக்கும் பவளம் புரிய வேண்டுமென்றால் உயிருள்ளதையும் ஒருமுறை பார்க்க வேண்டும். மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் போனால் கரையில் ஒதுங்கிய பவளத் துண்டுகளைக் குனிந்து பார். தகடும் சுவரும் அரகொனைட்டு அழியாமல் அப்படியே இருக்கும். பாம்பன் பக்கத்தில் கடல் மட்டத்துக்கு மேலே நிற்கிற பழைய பவளத் திட்டும் உண்டு. பார்க்கலாம், படம் எடுக்கலாம், எடுத்துக்கொண்டு வராதே. கல்பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு இருக்கும் அதே காவல். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் அங்கே படகு படகாக வெட்டி எடுத்தார்கள். மன்னார் வளைகுடாவில் 1986-இல் கடல் தேசியப் பூங்கா அறிவித்தபோது இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இப்போது நீருக்கடியில். பவளத்தை வெட்டியதும் அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். சுண்ணாம்பு வெட்டியே பிழைத்தவன் நான் சொல்லுகிறேன் என்று நீ கேலி செய்யலாம். செத்து 7 கோடி வருடமான கடலை வெட்டுவதும், மூச்சு விடுகிற கடலை வெட்டுவதும் ஒன்றல்ல என்பது என் கட்சி. முன்னதிலும் எனக்குக் கேள்விகள் உண்டு; அதை நேரில் பேசிக்கொள்வோம். சுரங்கம் வெட்டியிருக்காவிட்டால் இந்த அடுக்குகளில் பாதியை யாரும் பார்த்திருக்க முடியாது. வெட்டியதாலேயே அவற்றில் பெரும்பகுதி இனி யாருக்கும் கிடைக்காது. இந்த இரண்டும் உண்மை.

அடுத்த மாதம் வகுப்போடு காரைக்குப் போவதாகச் சொன்னாயே, அதற்கு முன்னால் வாரணவாசியில் இருக்கிற அருங்காட்சியகத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெயரும் பொருளும் சேர்ந்து நிற்பதைப் பார்த்துக் கண் பழகட்டும். காரையில் செம்மண்ணும் சாம்பல் மண்ணுமாய்ப் பள்ளம் பள்ளமாக இருக்கும், எல்லாப் பள்ளமும் ஒன்றுபோலத் தெரியும். திரும்பி வரும் வழியைக் குறித்துக்கொண்டு இறங்கு. மண்ணில் கண்ணாடித் தகடு மாதிரி மின்னுவது ஜிப்சம், நகத்தால் கீறினாலே கீறும், அதைப் புதையல் என்று பையில் போட்டுக்கொள்ளாதே. பெலம்னைட்டு கிடக்கிற இடத்தில் கிடக்கட்டும். மிகவும் ஆசையாக இருந்தால் உதிர்ந்து கிடப்பதில் ஒன்று, அதுவும் சாரிடம் கேட்டுவிட்டு, அட்டை எழுதி. காலை ஏழு மணிக்கே இறங்கிவிட வேண்டும் என்று சாரிடம் சொல். வெயில் சாய்ந்து விழும்போதுதான் சிப்பியின் வரியும் பவளத்தின் விளிம்பும் நிழல் போட்டு எழும்பித் தெரியும். பத்து மணிக்கு மேல் எல்லாம் ஒரே வெளுப்பு, ஒதுங்க ஒரு மரநிழலும் இருக்காது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு லிட்டர் கல்லை நனைக்க.

அன்புடன்,
தாத்தா
அரியலூர்